கடலோட்டம் கண்ட மேஜர் ரென்னல்

ஆந்திரத்து மலைகளில் மழை கொட்டித் தீர்த்தால், நம் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் கொசஸ்தலை ஆறு ஒரே இரவில் கரை கொள்ளாமல் ஓடும். ஆண்டில் பல மாதங்கள் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறுதான். அப்படி வெள்ளம் ஓடும் நாளில், நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவன் எதிர்க்கரையில் நிற்கும் பனைமரத்தைக் குறி வைத்து நீந்துகிறான் என்று கொள்வோம். அவன் பனைமரத்தடியில் கரையேற மாட்டான். நூறு கஜம் கீழே தள்ளி, ஏதோ ஒரு முள்வேலிக்குப் பக்கத்தில் போய்க் கரையேறுவான். தன் நீச்சல் பிசகிவிட்டது என்று அவன் வெட்கப்படக்கூடும். கரையில் நிற்கும் விவரம் அறிந்த பெரியவர் ஒருவர் அதே நூறு கஜத்தை வேறு விதமாகப் பார்ப்பார். நீந்த எடுத்துக்கொண்ட நேரத்தையும் தள்ளிப்போன தூரத்தையும் வைத்து, ஆறு என்ன வேகத்தில் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். ஒருவனுக்குப் பிசகாகப் பட்டது மற்றவருக்கு அளவுகோலாகிறது.

ஆற்றில் இது எளிது. பனைமரம் இருக்கிறது, கரை இருக்கிறது. நாற்புறமும் நீரே சூழ்ந்த நடுக்கடலில் என் செய்வது? நீர் நகர்கிறது, அதன்மேல் மிதக்கும் கப்பலும் அதனோடு சேர்ந்தே நகர்கிறது. தளத்தில் நிற்பவனுக்கு நகர்ச்சி எதுவும் தெரிவதில்லை. நம் கடற்கரை மீனவர் நீவாடு என்று சொல்லும் அந்த நீரோட்டத்தை எந்தக் கோல் கொண்டு அளப்பது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஒருவரைப் பற்றி இங்கே எழுத விழைகிறேன்.

மேஜர் ஜேம்ஸ் ரென்னல் என்ற பெயர் நம் புவியியல் துறை நண்பர்களுக்குப் புதிதன்று. வங்காளத்தின் முதல் சர்வேயர் ஜெனரல். இந்தியாவின் நிலப்படத்தை முறையாக வரைந்து காட்டியவர். இந்தியப் புவியியலின் தந்தை என்று பாடநூல்கள் போற்றும் மனிதர். ஆனால் கடல் நீரின் ஓட்டத்தை முறைப்படி அளந்து எழுதிய முன்னோடிகளில் அவரும் ஒருவர் என்பதும், அவருடைய கடலனுபவத்தின் முக்கியமான ஆண்டுகள் நம் சோழமண்டலக் கரையில் கழிந்தன என்பதும் நம்மில் பலர் அறியாதவை. ஆகவே நிலத்தைச் சுருக்கிக் கடலை விரித்துச் சொல்லுகிறேன்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன்ஷயர் என்றொரு மாவட்டம். அங்கே சட்லீ என்னும் சிற்றூருக்கு அருகில் 1742 டிசம்பர் 3ஆம் நாள் ரென்னல் பிறந்தார். தந்தையார் பீரங்கிப் படையில் அதிகாரி. மகனுக்கு நினைவு தெரியும் வயது வருமுன்னரே போரில் மாண்டார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். சிறுவனை அவ்வூர்ப் பாதிரியாரான பரிங்டன் என்பவர் தம் பிள்ளைபோல் வளர்த்தார். 1756இல், பதினான்கு வயதில், பையன் கடற்படையில் சேர்ந்தான். நம் வீடுகளில் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் வயது அது! ஏழாண்டுப் போர் தொடங்கிய காலம். குண்டு முழக்கத்திற்கு நடுவே கப்பல் ஓட்டவும், கடற்கரைகளைப் படம் வரையவும் கற்றுக்கொண்டான். கல்லூரிப் படிப்பு என்று அவருக்கு எதுவும் இல்லை.

1760இல் அவருடைய கப்பல் சென்னைக்கு வந்தது. புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறிக்க ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த நேரம். பதினெட்டு வயதைத் தொடும் ரென்னல் அம்முற்றுகையில் பங்கு கொண்டார். 1761 புத்தாண்டு நாளில் வங்கக் கடலில் வீசிய புயல், முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றை உடைத்தும் மூழ்கடித்தும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்த ஜனவரியிலேயே புதுச்சேரி வீழ்ந்தது. பிறகு கீழைக் கடல்களில் பிலிப்பைன்ஸ் வரை சென்று வந்தார். 1763இல் கடற்படையை விட்டு விலகிச் சென்னையில் ஒரு வணிகக் கப்பலின் தலைவரானார். அந்த அக்டோபரில் மீண்டும் ஒரு புயல். அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் ஏது? திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சிக் கப்பல்கள் நிற்க, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிச் சென்று ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். புயல் வந்தால் கப்பலுக்குப் போக்கிடம் இல்லை. ரென்னலின் கப்பலும் அன்று அழிந்தது. அவர் கரையில் இருந்ததால் உயிர் பிழைத்தார்.

அடுத்து அவருக்குக் கிடைத்தது நெப்டியூன் என்ற சிறு கப்பல். அதில் சென்றுதான் பாக் நீரிணையையும் பாம்பன் வாயிலையும் அளந்து படம் வரைந்தார். இந்த இடத்தை நண்பர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். இராமேசுவரம் போனவர்கள் பாம்பன் பாலத்தில் இரயில் ஊர்ந்து செல்லும்போது கீழே பார்த்திருப்பீர்கள். குறுகிய வாயிலில் நீர் ஆறுபோல் இழுத்துக்கொண்டு ஓடும். பருவக்காற்று மாறும்போது அவ்வோட்டத்தின் திசையும் மாறும். நம் கிழக்குக் கடற்கரை முழுவதற்குமே இத்தன்மை உண்டு. பிப்ரவரி முதல் மே வரை கரையோரமாக வடக்கு நோக்கி ஓடும் நீர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கித் திரும்பிவிடும். இப்படி ஆண்டுக்கு இருமுறை தன் போக்கை மாற்றிக்கொள்ளும் நீரில்தான் அந்த இளைஞர் தம் இருபதாம் வயதை ஒட்டிய ஆண்டுகளைக் கழித்தார்.

1764இல் கல்கத்தா சென்றவருக்கு வங்காளத்தை அளக்கும் பணி கிடைத்தது. 1767இல் சர்வேயர் ஜெனரல் ஆனார். பதின்மூன்று ஆண்டுகள் சங்கிலியும் திசைகாட்டியுமாகக் காடும் சதுப்பும் ஆறும் அளந்தார். ஒருமுறை சிறுத்தை ஒன்று அவருடைய ஆட்கள் ஐவரைக் காயப்படுத்திவிட்டு அவர்மேல் பாய, துப்பாக்கி முனைக் கத்தியை அதன் வாயில் செலுத்திக் கொன்றாராம். 1766இல் பூட்டான் எல்லைப் பக்கத்தில், கும்பினி ஆட்சியை எதிர்த்துத் திரண்டிருந்த சந்நியாசிகளோடு நேர்ந்த மோதலில் உடலெல்லாம் வாள்வெட்டுப் பட்டார். தோள் பிளந்த நிலையில் திறந்த படகில் முந்நூறு மைல் கொண்டுபோய் டாக்காவில் சேர்த்தார்கள். பிழைத்தார், ஆனால் வலக்கை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் வரைந்த படங்கள் யாருக்குப் பயன்பட்டன? 1765இல் வங்காளத்தின் வரிவசூல் உரிமையைப் பெற்ற கிழக்கிந்தியக் கும்பினிக்குத்தான். எந்த ஊரில் எவ்வளவு நிலம், எந்த ஆற்றின் வழியே படை செல்லலாம் என்று அறியவே அளவை நடந்தது. அவர் அளந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே, 1770இல், வங்காளத்தைப் பெரும் பஞ்சம் சூறையாடிற்று. அவரை வெட்டிய சந்நியாசிகளை நம் வரலாற்று நூல்கள் இன்று எப்படிக் குறிப்பிடுகின்றன என்பது வரலாற்றுத் துறையினருக்குத் தெரியும். அவருடைய திறமையைப் பாராட்டும்போது இதையும் மறக்க வேண்டியதில்லை.

கங்கையில் அவர் செய்த ஒரு வேலை நம் பொருளுக்கு நெருங்கியது. ஆற்றின் அகலம், ஆழம், வேகம் மூன்றையும் அளந்து பெருக்கினால் நொடிக்கு எவ்வளவு நீர் கடக்கிறது என்று தெரியும். வறண்ட காலத்தில் 80,000 கன அடி, பெருக்கெடுக்கும் காலத்தில் 4,05,000 கன அடி, ஆண்டுச் சராசரி 1,80,000 கன அடி என்று அவர் கணக்கிட்டார். இன்றைய அளவீடுகள் தரும் எண்கள் இதைவிடப் பெரியவை. எனினும் ஓடும் நீரை எண்ணாக்க முடியும் என்ற எண்ணம் அவரிடம் அன்றே வேரூன்றிவிட்டது. நதிகளைப் பற்றிய இக்கட்டுரை 1781இல் இலண்டன் இராயல் சங்கத்தில் வெளிவந்தது. அதே ஆண்டில் அச்சங்கம் அவரை உறுப்பினராக்கிக்கொண்டது.

அதற்கு முன்பே, 1777இல், உடல்நலம் குன்றிப் பதவியை விட்டு, மனைவி ஜேனுடன் கப்பலேறியிருந்தார். நாவலாசிரியர் தாக்கரேயின் குடும்பத்தில் பிறந்தவர் அந்த அம்மையார். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்லும் நெடும்பயணம். வழியில் செயின்ட் எலீனாத் தீவில் தங்கியபோது அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயின் பெயரையே குழந்தைக்கும் இட்டனர்.

அந்தத் தென்முனையில்தான் ரென்னலின் கவனத்தைக் கடல் பிடித்து நிறுத்தியது. ஆப்பிரிக்கக் கீழைக் கரையோரமாக இந்தியப் பெருங்கடலின் வெதுவெதுப்பான நீர் தென்மேற்காகப் பெருவேகத்தில் ஓடுகிறது. முனைக்கு அருகே கடலடியில் அகுல்யாஸ் என்னும் பெருந்திட்டு ஒன்று மேடாகக் கிடக்கிறது. ஓட்டம் அத்திட்டின் ஓரத்தைப் பற்றி வளைந்து செல்கிறது. இந்தியாவிலிருந்து திரும்பும் கப்பலுக்கு இந்த ஓட்டம் வரப்பிரசாதம். எதிர்த் திசையில் வரும் கப்பலுக்கு இடையூறு. ஊர் திரும்பிய 1778ஆம் ஆண்டே இத்திட்டையும் நீரோட்டத்தையும் காட்டும் கடற்படத்தை அவர் வெளியிட்டார். உலகின் மிக வலிய நீரோட்டங்களுள் ஒன்று என்று இன்றைய கருவிகளும் அதைச் சொல்லுகின்றன. அதன் உச்ச வேகம் நொடிக்கு 2 மீட்டருக்கும் மேல் போவதுண்டு.

அளந்தது எப்படி என்பதற்கு இப்போது வருவோம். அக்காலக் கப்பலோட்டி தன் இருப்பிடத்தை இரண்டு வழிகளில் அறிவான். முதல் வழி, கணக்கு. ஒரு மரப்பலகையைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்புறம் நீரில் எறிவார்கள். பலகை நீரில் நின்றுவிட, கப்பல் முன்னேற, கயிறு அவிழ்ந்து ஓடும். கயிற்றில் சம தூரங்களில் முடிச்சுகள் இருக்கும். மணற்கடிகாரத்தில் அரை நிமிட அளவு மணல் விழுவதற்குள் எத்தனை முடிச்சு ஓடிற்று என்று எண்ணுவார்கள். கப்பலின் வேகத்தை இன்றும் முடிச்சு என்ற பொருள்தரும் நாட் என்ற சொல்லால் குறிப்பது இதனால்தான். வேகம் தெரியும், திசைகாட்டியால் திசை தெரியும், நேரம் தெரியும். நேற்று நண்பகலில் இருந்த இடத்திலிருந்து இன்று எங்கே வந்திருக்க வேண்டும் என்று படத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பலகை மிதக்கும் நீரே நகர்ந்துகொண்டிருந்தால், பலகைக்கு அது தெரியாது. கப்பல் நீரைக் கடந்த வேகம்தான் கிடைக்குமே ஒழிய, நீர் கப்பலைச் சுமந்து சென்ற தூரம் அந்தக் கணக்கில் வராது. பனைமரத்தைக் குறி வைத்து நீந்தியவனின் கணக்குதான் இது.

இரண்டாவது வழி, வானம். நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்தால் அட்சரேகை கிடைக்கும். இது பழைய காலம் தொட்டே தெரிந்தது. தீர்க்கரேகைதான் நெடுநாள் தொல்லை கொடுத்தது. புறப்பட்ட ஊரின் நேரத்தைத் தவறாமல் காட்டும் கடிகாரம் கையில் இருந்தால், அதற்கும் கப்பல் நிற்கும் இடத்தின் சூரிய நேரத்திற்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தீர்க்கரேகையைக் கணக்கிடலாம். கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் நிலநடுக்கோட்டின் அருகில் இருப்பிடம் 15 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 28 கிலோமீட்டர் பிசகும். ஆடும் கப்பலில், வெயிலிலும் குளிரிலும் பிசகாத கடிகாரத்தைச் செய்து காட்டியவர் ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலத் தச்சர் மகன். 1760களில் அது சோதனையில் வென்றது. ரென்னல் கடலாராய்ச்சியில் இறங்கிய காலத்தில் அத்தகைய கடிகாரங்கள் சிறுகச் சிறுகக் கப்பல்களுக்கு வரத் தொடங்கியிருந்தன. அவருடைய நல்ல காலம் அது.

ஆக, படத்தில் இரண்டு புள்ளிகள். கணக்கு ஒரு புள்ளியைச் சொல்லுகிறது. வானம் வேறொரு புள்ளியைச் சொல்லுகிறது. மாலுமி என்ன செய்வான்? வானம் சொன்னதை ஏற்றுக்கொண்டு, கணக்கைத் திருத்திவிட்டு மேலே போவான். பழைய புள்ளி அவனுக்கு வீண். ரென்னல் அந்த வீணான புள்ளிகளைத்தான் தேடினார். ஒருநாள் பொழுதில் இரண்டுக்கும் இடைவெளி 24 கடல்மைல் என்றால், நீர் மணிக்கு ஒரு கடல்மைல் வேகத்தில் கப்பலைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. எந்தப் பக்கம் தள்ளியதோ அதுவே ஓட்டத்தின் திசை.

ஒரு நாளின் இடைவெளியை நம்ப முடியுமா? முடியாது. சுக்கான் பிடித்தவன் கண்ணயர்ந்திருக்கலாம். முடிச்சை எண்ணியவன் தப்பாக எண்ணியிருக்கலாம். காற்று பக்கவாட்டில் தள்ளியிருக்கலாம். ஆனால் மனிதப் பிசகு ஒருநாள் இடப்பக்கம் போனால் மறுநாள் வலப்பக்கம் போகும். நீரோட்டமோ, அதே இடத்தில் அதே பருவத்தில் வரும் கப்பலையெல்லாம் ஒரே பக்கமாகத் தள்ளும். நூறு கப்பல்களின் குறிப்பேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முன்னது ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறையும். பின்னது எஞ்சி நிற்கும். நம் புள்ளியியல் வகுப்பில் சராசரி காணும்போது நாம் செய்வதும் இதுவே. இலண்டனில் தம் வீட்டில் அமர்ந்துகொண்டு, கடற்படைத் தலைவர்களிடமும் கும்பினிக் கப்பல் தலைவர்களிடமும் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கி, புள்ளி புள்ளியாக அட்லாண்டிக் பெருங்கடலின் படத்தில் ஏற்றினார் அவர். கப்பலேறாமல், கடலைத் தொடாமல், பிறருடைய தவறுகளைக் கொண்டே நீரின் ஓட்டத்தை வரைந்த மனிதர்!

இதில் உயிர்கள் அடங்கியிருந்தன என்பதை மறந்துவிடக்கூடாது. 1707 அக்டோபரில் சர் கிளவுட்ஸ்லி ஷவல் என்ற தளபதியின் கப்பற்படை தாயகம் திரும்புகையில், தன் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்து இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதியது. நான்கு கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் மாண்டனர். அந்தத் தீவுகளின் மேற்கே வடதிசையாகக் கப்பல்களை இழுத்துச் செல்லும் நீரோட்டம் ஒன்று அடிக்கடி ஓடுவதைப் பல பயணக் குறிப்புகளைக் கொண்டு ரென்னல் 1793இல் இராயல் சங்கத்துக்கு எழுதிக் காட்டினார். மேற்குக் காற்று பல நாள் வீசினால் பிஸ்கே வளைகுடாவில் நீர் குவிகிறது; குவிந்த நீர் வெளியேற வழி தேடி வடமேற்காக வழிகிறது; ஆகவே அக்காலங்களில் கப்பல்கள் சற்றுத் தெற்கே ஒதுங்கியே வரவேண்டும் என்பது அவர் கூற்று. இன்றும் அதற்கு ரென்னல் நீரோட்டம் என்றே பெயர். பிற்கால ஆராய்ச்சியாளர் அது எல்லா ஆண்டும் ஒரே சீராக ஓடுவதில்லை என்று கண்டனர். 1707ஆம் ஆண்டு விபத்திலும் நீரோட்டத்தைவிட மாலுமிகளின் கணக்குப் பிழைக்கே பெரும்பங்கு என்ற கருத்தும் வலுவாக உள்ளது. என்றாலும், கப்பலோட்டிகள் அதுவரை தங்கள் விதியை நொந்துகொண்ட இடத்தில், காரணம் ஒன்று இருக்கலாம் என்று முதலில் விரல் நீட்டியவர் அவர்தாம்.

இவ்வளவு எச்சரிக்கையான மனிதர் ஒரு பெருந்தவறும் செய்தார். ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றைத் தேடிச் சென்ற மங்கோ பார்க் என்ற பயணி, தொலைவில் கொங் என்ற நாட்டின் திசையில் மலைகள் தெரிந்ததாகச் சொன்னார். 1798இல் அவருடைய பயணத்துக்குப் படம் வரைந்த ரென்னல், அந்தத் தொலைதூரத் தோற்றத்தை நீட்டி, மேற்கு ஆப்பிரிக்காவின் குறுக்கே ஒரு மலைத்தொடரையே நிறுத்திவிட்டார். நைஜர் ஆறு கடலை அடைவதில்லை, கிழக்கே உள்நாட்டில் போய் ஆவியாகிவிடுகிறது என்ற தம் கொள்கைக்கு அந்த மலைத்தொடர் தோதாக இருந்தது! பெரியவர் போட்டுவிட்டார் என்று மற்றவரும் தத்தம் படங்களில் அதைப் போட்டனர். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் அந்த இல்லாத மலை உலகப் படங்களில் ஓங்கி நின்றது. 1880களின் இறுதியில் பிஞ்சர் என்ற பிரெஞ்சு அதிகாரி நேரில் சென்று பார்த்து, அங்கே மலைத்தொடரே கிடையாது என்று எழுதினார். நைஜரும் கினியா வளைகுடாவில் கடலில் கலக்கிறது என்பதை லாண்டர் சகோதரர்கள் 1830இலேயே கண்டுவிட்டனர்.

கடலில் வென்றவர் தரையில் ஏன் தோற்றார்? கடலுக்கு அவரிடம் நூற்றுக்கணக்கான மாலுமிகளின் சான்று இருந்தது. கொங் மலைக்கு ஒரே ஒருவரின் தொலைப்பார்வையும் தம் சொந்த விருப்பமும் இருந்தன. எனக்கு இந்தத் தவறு அவர்மேல் மதிப்பைக் குறைக்கவில்லை. ஆனால் அவருடைய கடற்படங்களைப் பார்க்கும்போது எந்தக் கோடு எத்தனைக் குறிப்பேடுகளிலிருந்து பிறந்தது என்று கேட்கத் தூண்டுகிறது.

நீரோட்டங்களை அவர் இரு வகையாகப் பிரித்தார். காற்று நேரே தள்ளுவதால் கடலின் மேற்பரப்பு மெல்ல நகர்வது ஒன்று. அப்படித் தள்ளுண்ட நீர் ஒரு கரையிலோ திட்டிலோ முட்டிக் குவிந்து, பின் தானே ஆறுபோல் பாய்ந்து ஓடுவது மற்றொன்று. அமெரிக்கக் கரையோரத்து வளைகுடா நீரோட்டம் இவ்வகையினது. எல்லாவற்றுக்கும் காற்றே முதற்காரணம் என்று அவர் கருதினார். இன்று நாம் அறிந்தது இதைவிட விரிந்தது. மேல்நீரைப் பெரும்பாலும் காற்று ஓட்டுகிறது. ஆழத்து நீரை வெப்பமும் உப்பும் ஓட்டுகின்றன. குளிர்ந்த நீரும் உப்பு மிகுந்த நீரும் எடை மிகுந்து கீழே இறங்கும். அது உலகப் பெருங்கடல்களின் அடியில் மெல்ல ஊர்ந்து செல்லும். இந்த ஆழம் ரென்னலுக்கு எட்டவில்லை. கப்பலின் அடிப்பாகம் எவ்வளவு ஆழம் முங்குகிறதோ அவ்வளவே அவருடைய அளவுகோல்.

அந்த ஆழத்தை இன்று அளக்கும் கருவிகளுள் ஆர்கோ மிதவை என்பது ஒன்று. ஓர் ஆள் உயரத்துக்குக் குறையாத உருளை. கடலில் விட்டால் 1,000 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள ஓட்டத்தோடு அடித்துக்கொண்டு போகும். ஏறத்தாழப் பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டு மேலே வந்து, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதவைகள் இவ்வாறு உலவுகின்றன. நம் நாட்டில் ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் இப்பணியில் பங்கு கொள்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலில் நங்கூரமிட்ட மிதவைகளை நிறுத்திப் பராமரிக்கிறது. ஒலியை நீருக்குள் அனுப்பி, அதன் எதிரொலி மாறி வருவதிலிருந்து பல ஆழங்களின் ஓட்டத்தை ஒரே நேரத்தில் அறியும் கருவிகளும் உள்ளன. ஆனால் ஆர்கோ மிதவை ஆழத்து ஓட்டத்தை எப்படிச் சொல்லுகிறது தெரியுமா? முன்பு மூழ்கிய இடம் ஒரு புள்ளி; பத்து நாள் கழித்து எழும் இடம் ஒரு புள்ளி. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் கணக்கு. இலண்டன் வீட்டில் அமர்ந்து ரென்னல் வரைந்தது இதே இடைவெளியைத்தான். முகவரி மட்டும் மாறியிருக்கிறது.

1791இல் இராயல் சங்கம் தன் உயர்ந்த விருதான காப்ளி பதக்கத்தை அவருக்கு அளித்தது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டசின் புவியியலைப் பற்றியும் ஒரு பெருநூல் எழுதினார். ஒட்டகம் ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கும் என்று கணக்கிட்டு ஒரு கட்டுரையும் எழுதினார். பாலைவனப் பயணிகள் சொல்லும் நாட்கணக்கை மைல்கணக்காக மாற்ற அது உதவிற்று. பார்க்கப்போனால் ஒட்டகமும் அவருக்கு ஒரு கப்பல்தான்.

அட்லாண்டிக் நீரோட்டங்களைப் பற்றிய நூலை மட்டும் அவர் வாழ்நாளில் வெளியிடவில்லை. குறிப்பேடுகள் வந்துகொண்டே இருந்தன. படங்களைத் திருத்திக்கொண்டே இருந்தார். எண்பது வயதைக் கடந்தும் அந்த வேலை ஓயவில்லை. 1829ஆம் ஆண்டின் இறுதியில் நாற்காலியிலிருந்து சறுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்தது. அதன்பின் படுக்கையை விட்டு அதிகம் எழவில்லை. 1830 மார்ச் 29ஆம் நாள், தம் எண்பத்தெட்டாம் வயதில் காலமானார். அரசர்களையும் அறிஞர்களையும் அடக்கம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரையும் அடக்கம் செய்தனர்.

மேசையில் படங்களும் கையெழுத்துப் படிகளும் எஞ்சிக் கிடந்தன. அவற்றைத் திரட்டி, ஒழுங்குபடுத்தச் செய்து, அட்லாண்டிக் பெருங்கடலின் நீரோட்டங்களைப் பற்றிய அந்த நூலை 1832இல் அச்சேற்றியவர் அவருடைய மகள். திருமதி ஜேன் ராட் என்பது அப்போது அவர் பெயர். தகப்பனார் அகுல்யாஸ் ஓட்டத்தைக் கண்ட அந்தப் பயணத்தில், செயின்ட் எலீனாத் தீவில் பிறந்த குழந்தை அவர்.